தெளிவத்தை ஜோசப்பை எப்படி ரசிப்பது?

தெளிவத்தை என்பது இலங்கையின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெயர். அங்கே ஆசிரியராகவும் கிளாக்கராகவும் வேலை பார்த்த ஜோசப், அந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார். 1934 பெப்ரவரி 16இல் ஹாலிஎலவுக்கு அருகே ஊவாகட்டவளைத் தோட்டத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்தான். கும்பகோணத்தில் மூன்று ஆண்டுகளும் பிறகு பதுளை சென் பீட்ஸ் கல்லூரியிலும் படித்தார். பின்னாளில் கொழும்பில் வாழ்ந்து, 2022 ஒக்டோபரில் மறைந்தார்.

அவரைப் படிக்க உட்காரும்போது முதலில் கவனிக்க வேண்டியது, கதை எங்கே நின்று சொல்லப்படுகிறது என்பதுதான். தோட்டத்தில் நிர்வாகியான துரை பங்களாவில் இருப்பார், தொழிலாளி லயம் என்ற வரிசை வீட்டில் இருப்பார். வாத்தியாரும் கிளாக்கரும் நடுவில். பிள்ளையின் சிலேட்டும் தாயின் சம்பளக் கணக்கும் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ‘பேர்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாலே போதும். தோட்டத்தில் பேர் என்றால் அன்றைய வேலைக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழும் பதிவு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைப்பேர் போடப்படும்போது பாதிச் சம்பளம் போகிறது. அந்தச் சொல்லே அவளைப் பாதி ஆளாக்கிவிடுகிறது. பெரட்டு (காலை வேலைப் பிரிப்பு), கங்காணி (மேற்பார்வையாளர்), காம்பரா (அறை), இஸ்தோப்பு (முன்திண்ணை) போன்ற சொற்களையும் அகராதிப் பொருளோடு தாண்டிப் போகாமல், யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்த்துப் படிக்க வேண்டும். அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

தொடங்குவதற்கு ஏற்ற கதை ‘மீன்கள்’. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்தெழ வேண்டிய லயத்துக் குடும்பம், இருட்டில் நேர்ந்துவிடும் ஒரு தவறு, தகப்பனைத் தின்னும் வெட்கம். இவ்வளவுதான் கதை. படிக்கும் முன் தரையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று ஒரு கட்டம் போட்டுப் பார்ப்பது நல்லது. பழைய லயக் காம்பராக்கள் பல ஏறத்தாழ அந்த அளவுதான். அதற்குள் அடுப்பு, பானை, பாய், ஆறேழு பேர் என்று வைத்துப் பார்த்தால் குற்றவாளி அந்த மனிதனா, அந்தச் சுவரா என்ற கேள்வி தானாக எழும். ஜோசப் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. மலையகச் சிறுகதையின் உச்சங்களில் இதற்கு இடமுண்டு என்று தயங்காமல் சொல்லலாம்.

வெட்கம், குற்றவுணர்வு, மன்னிப்புக்கான தவிப்பு ஆகியவை இவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. கத்தோலிக்க வளர்ப்பின் தடத்தை அங்கேதான் தேட வேண்டும். வசனங்களிலோ பிரசங்கத்திலோ அல்ல. ‘நாங்கள் பாவிகளாக இருக்கிறோம்’ என்ற அவருடைய நூலின் தலைப்பைக் கேட்டதும், செபமாலை சொல்லி வளர்ந்தவர்களுக்கு அருள்நிறை மரியே செபத்தின் பிற்பாதி நினைவுக்கு வரும். ‘நான்’ என்னாமல் ‘நாங்கள்’ என்பதில்தான் அதன் கனம் இருக்கிறது.

பதுளை அமைந்த ஊவா மாகாணத்தின் காற்றையும் கொஞ்சம் அறிந்து வைத்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபக்கத்தில் கொட்டும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, இந்தப் பக்கம் வறண்ட காற்று வீசும். ஈரம் குறைந்து செடி வாடும்போது கொழுந்தில் வாசப் பொருட்கள் கூடுகின்றன. வலித்தைலத்தில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் அவற்றில் ஒன்று. ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பேரெடுத்தது இந்தப் பருவத்து மணத்தால்தான். ஆனால் அதே மாதங்களில் கொழுந்து வளர்வது குறையும், கூடை நிறையாது. கோப்பையில் மணம் ஏறும் காலமே கொழுந்து பறிப்பவளின் நிறை இறங்கும் காலம். கதைகளில் வரும் வெயிலையும் காற்றையும் வெறும் வருணனையாக வாசித்தால் இது பிடிபடாது.

‘மீன்கள்’ கதைக்கு அடுத்தபடியாக, சாகித்திய விருது பெற்ற ‘நாமிருக்கும் நாடே’ (1979) தொகுப்பை முழுமையாகப் படிக்கலாம். பாரதியின் வரியிலிருந்து வந்த தலைப்பு அது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கு போடப்பட்ட இந்திய வம்சாவளி மலையகத் தமிழரின் வாயில் அந்தச் சொற்கள் வேறு பொருள் கொள்கின்றன. ‘காலங்கள் சாவதில்லை’ (1974) நாவலையும் ‘பாலாயி’ குறுநாவல்களையும் அதன்பின் வைத்துக்கொள்ளலாம். ‘மலையகச் சிறுகதை வரலாறு’ (2000) ஆய்வு நூல். தனக்கு முன் எழுதியவர்களையும் உடன் எழுதியவர்களையும் மறதியிலிருந்து மீட்டுவைத்த ஆசிரியர் வேலை அது. தமிழகம் 2013இல் விஷ்ணுபுரம் விருது வழங்கி அவரைக் கொண்டாடியபோது அவருக்கு வயது எழுபத்தொன்பது.

‘குடைநிழல்’ (2010) நாவல் கடைசியாக வரட்டும். அதில் சந்தேகத்தின் பேரில் கொழும்பில் கைதாகும் ஒரு மலையகத் தமிழர் இருக்கிறார். தோட்டத்துக் கதைகளைப் படித்துவிட்டு அங்கே போகிறவருக்கு, அந்த மனிதர் எந்தக் காம்பராவிலிருந்து எழுந்து வந்தவர் என்பது தெரிந்திருக்கும்.