எவர்சில்வர் ஸ்பூனுக்கு ஒரு ஜே!

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் நாலு எவர்சில்வர் ஸ்பூன் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கு ராத்திரியே போட்டு வையுங்கள். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் நலம் விசாரித்த கையோடு இதைத்தான் சொல்கிறேன். வீட்டில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்!

காலையில் எழுந்தால் என் கண்ணிமை இரண்டும் பொங்கி நிற்கும். மை தீட்டினால் மடிப்பில் ஈஷிக்கொள்ளும். "ஏம்மா, ராத்திரி பூரா அழுதியா?" என்று பால்காரர்கூடக் கேட்பார். சுண்டுவிரல் நீள ட்யூபில் தங்கம் விலைக்கு விற்கிற க்ரீம்களை எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. அவை எதுவும் இந்த ஸ்பூனுக்குக் கிட்டேகூட வராது.

செய்முறை என்று பெரிதாக எதுவுமில்லை. ஸ்பூன்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். உறைந்த உலோகம் மெல்லிய தோலைப் பதம் பார்த்துவிடும். காலையில் முகம் கழுவிவிட்டு, கண்ணை மூடி, ஸ்பூனின் குழிந்த பக்கம் வெளியே இருக்கும்படி முதுகுப் பக்கத்தை இமைமேல் வையுங்கள். அழுத்தக் கூடாது, சும்மா சாய்த்து வைத்தால் போதும். அந்த முதல் ஜில் இருக்கிறதே! உச்சந்தலை வரை ஏறும். பிறகு இமை மெல்ல இறுகுவது நமக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் ஸ்பூன் சூடாகிவிடும், உடனே அடுத்த ஜோடி. அதனால்தான் நாலு கேட்டேன்.

என் சித்தி மகள் கல்யாணத்தில் விடியற்காலை முகூர்த்தம். பெண்ணுக்கு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. கண் வீங்கி, மேக்கப் போட வந்த பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மண்டபத்துச் சமையற்கட்டில் ஸ்பூன் வாங்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு, துடைத்துத் துடைத்து வைத்தேன். முகூர்த்த போட்டோவைப் பார்த்துச் சித்தி இன்னும் சிலாகிக்கிறார்.

அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் டிப் டீ. இது வேறு சுகம்! டீயைக் குடித்துவிட்டு இரண்டு பைகளையும் கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்ததும் ஒட்டப் பிழிந்து, மூடிய கண்மேல் பத்து நிமிடம். பிழியாவிட்டால் பழுப்புத் தண்ணீர் கன்னத்தோரம் வழிந்து நேரே காதுக்குள் போகும். தலையணை உறையும் கறையாகும். தேயிலையில் உள்ள கஃபீன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், குளிர்ச்சியும் அதே வேலையைத்தான் செய்யும். செம்பருத்தி டீ மாதிரி மூலிகைப் பைகளில் கஃபீன் கிடையாது, வெறும் ஜில்தான்.

வெள்ளரிக்காயா? அதில் 95 சதவீதம் தண்ணீர்தான். பானைத் தண்ணீரில் நனைத்த மெல்லிய வேட்டித் துணியே அந்த வேலையைப் பார்த்துவிடும். வெள்ளரிக்காயைக் கடித்துத் தின்பதுதான் அதற்குச் செய்கிற மரியாதை.

கண்கட்டிக்கு மட்டும் இந்த ஜில் வைத்தியம் உதவாது. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருவது அது. அடைப்பு இளகச் சூடு வேண்டும். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம், பத்துப் பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பிதுக்கவே கூடாது. அப்பத்தா காலத்தில் நாமக்கட்டியை உரைத்துப் பூசுவார்கள். துகள் கண்ணுக்குள் போனால் உறுத்தல்தான் மிச்சம். சுத்தமான துணியும் வெந்நீரும் போதும்.

வலி, சிவப்பு, காய்ச்சல், பார்வை மங்கல் என்று எது சேர்ந்தாலும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கண் டாக்டரிடம் ஓடுங்கள். தினமும் முகத்தோடு காலும் வீங்கினால் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பரிசோதித்துவிடுவது நல்லது.

மற்றபடி இந்த இமை வீக்கம் ராத்திரி தேங்கும் நீர்தான். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல், அடியில் தளர்வான திசு. மல்லாந்து படுத்தால் நீர் அங்கே வந்து தங்கிவிடும், எழுந்து நடமாடினால் இறங்கும். அதனால் தலைக்கு இன்னொரு தலையணை வைத்துக்கொண்டேன், என்ன ஒரு வித்தியாசம்! உப்பு இன்னொரு வில்லன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் அளவு. ராத்திரி தயிர்சாதத்துக்கு அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் என்று வரிசையாக வைத்துச் சாப்பிட்ட எனக்கு இது சோதனைதான். அப்பளத்தை விட்டாயிற்று, ஊறுகாயையும் விட்டாயிற்று. மோர்மிளகாயை விட மனசு வரவில்லை. அதை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.