ஆரஞ்சு தொலைத்த எழுத்து

ஆங்கிலச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஆரஞ்சு. சமஸ்கிருத நாரங்கம், பாரசீகத்தில் நாரங் ஆகி, அரபியில் நாரஞ்ச் ஆகி ஐரோப்பாவுக்குப் போனது. அதற்கும் முன்னால் திராவிட வேர் இருக்கக்கூடும் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நம் நாரத்தை நினைவுக்கு வராமல் இருக்குமா? ஸ்பானியர் இன்றும் நரான்ஹா என்றே சொல்கிறார்கள். இத்தாலிய, பிரெஞ்சு வாய்களில்தான் முன்னால் நின்ற ‘ஒரு’ என்னும் சொல்லின் ஈற்றொலியோடு கலந்து முதல் நகரம் உதிர்ந்தது. ஆங்கிலத்துக்குள்ளேயே இதே உதிர்வு நடந்திருக்கிறது: ஏப்ரன் ஒரு காலத்தில் நேப்ரன்.

பழத்தின் பெயர்தான் பிறகு நிறத்துக்கும் வந்தது. பழைய ஆங்கிலத்தில் மஞ்சட்சிவப்பு என்பதுபோல ஒரு கூட்டுச்சொல்தான் இருந்தது. ராபின் குருவியின் ஆரஞ்சு மார்பை இன்றும் சிவப்பு என்றே அழைப்பது அந்தக் காலத்து வழக்கு.

இத்தனை தேசம் சுற்றிய சொல்லுக்கு ஆங்கிலத்தில் இயைபுச் சொல் கிடைப்பது அரிது. ஆனால் வேல்ஸில், அபர்கவென்னி ஊருக்கு அருகே, 561 மீட்டர் உயரத்தில் ஒரு மலை இருக்கிறது. அதன் பெயர் ப்ளாரஞ்ச். அருமையான பொருத்தம்!