கலயத்தோடு போன கடை

ஓலைக்கூரை, மணல்தரை, வரிசையாக மண்கலயங்கள். ஊர்க் கள்ளுக்கடைக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1971-இல் திறந்து, சில ஆண்டுகளில் மூடி, 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1987-இல் தமிழ்நாட்டில் கள்ளுக்கு முழுத் தடை வந்தது. அத்தோடு கடையும் போயிற்று.

அந்தக் கடையின் அழகே அதன் அவசரம்தான். மரமேறி பாளை நுனியைக் காகிதக் கனத்தில் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் அதே சாறு நொதித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய புதிதில் இனிப்பு, வெயிலேற நுரை, சாயங்காலம் சுள்ளென்ற புளிப்பு. மறுநாளுக்குத் தாங்காது. ஆகவே மரம், ஏறுகிறவர், விற்கிறவர், குடிக்கிறவர் எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே. மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்கு இந்த உறவு ஏது?

குருத்தோலையை மடித்த பட்டையில் ஊற்றித் தருவார்கள். இரண்டு கையாலும் ஏந்தி உறிஞ்சினால் ஓலையின் பச்சை வாசமும் கூடவே வரும். தொட்டுக்கொள்ள அவித்த மொச்சையோ காரமாக வறுத்த மீனோ இருக்கும். குடியால் நொந்த வீடுகளும் அந்த ஊர்களில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் கேரளத்தில் கள்ளுஷாப்புகள் இன்றும் நடக்கின்றன. கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடவே அங்கே போகிறவர்கள் உண்டு.