வரைந்து தரப்பட்ட பாதை: ஆலன் சில்லிட்டோவின் ஒரு கதையை முன்வைத்து

ஓடுகிறவர்களிடம் 'ஓட்டத்தைப் பற்றி என்ன படிக்கலாம்?' என்று கேட்டால் பெரும்பாலும் முராகாமியைக் கையில் கொடுப்பார்கள். நல்ல புத்தகம்தான். ஆனால் முராகாமி தன் நேரத்துக்குத் தானே முதலாளி. எப்போது எழுவது, எந்த ஆற்றங்கரையில் ஓடுவது, எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அவர் முடிவு. ஆலன் சில்லிட்டோ 1959இல் வெளியிட்ட 'தி லோன்லினஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்' கதையில் ஓடுகிற ஸ்மித்துக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஓடு என்கிறார்கள், ஓடுகிறான். நேரமும் பாதையும் அவர்கள் கொடுத்தவை. எனக்கு இந்தக் கதைதான் நெருக்கமானது.

ஸ்மித் நாட்டிங்ஹாமின் தொழிலாளர் குடியிருப்புப் பையன். ஒரு பேக்கரியில் திருடிவிட்டு பார்ஸ்டல் பள்ளிக்கு, அதாவது இளம் குற்றவாளிகளுக்கான சீர்திருத்தச் சிறைக்கு வருகிறான். (இந்தச் சொல் நமக்கும் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1925லேயே பார்ஸ்டல் பள்ளிகளுக்கென்று சட்டம் வந்துவிட்டது.) அவன் உடல்வாகைப் பார்த்து நெடுந்தூர ஓட்டக்காரனாக்குகிறார்கள். பார்ஸ்டல்களுக்கு இடையிலான கோப்பையை வாங்க வேண்டும் என்று ஆளுநருக்கு ஆசை. அதனால் விடியும் முன், உறைபனி படிந்த புல்லில், வெறும் வயிற்றோடு அவனைத் தனியாக வெளியே விடுகிறார்கள். பந்தய நாளில் எல்லோருக்கும் முன்னால் வந்தவன், கோட்டைத் தொடாமல் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான்.

விமர்சகர்கள் அந்தக் கடைசி நிற்றலைப் பிடித்துக்கொண்டார்கள். கலகம், வர்க்கக் கோபம், ஐம்பதுகளின் கோபக்கார இளைஞர்கள் என்று பேசித் தீர்த்தாயிற்று. என் வாசிப்பு வேறு. அந்த முடிவு பந்தயத்தில் எடுக்கப்பட்டதல்ல. காலை ஓட்டங்களில், யாரும் பார்க்காத வயல் பாதையில், கொஞ்சம் கொஞ்சமாக விளைந்தது அது. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பாதையில் மலை இல்லை, காட்டாறு இல்லை. ஒரு சந்து, அதன் முனையில் வயிறு பெருத்த ஓக் மரம், வயல், பனி. அபாயமே இல்லாத சாதுவான நிலம். சுவரும் காவலும் இல்லாமல் ஒரு கைதியை இதில் தனியே விடலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சில்லிட்டோவின் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1930இல் லண்டன் அருகே ஃபெல்தமிலிருந்து சில பார்ஸ்டல் பையன்களை நடத்தியே நாட்டிங்ஹாம்ஷருக்குக் கூட்டிவந்து, லவ்டம் கிராமத்தையொட்டி முதல் திறந்தவெளி பார்ஸ்டலைத் தொடங்கினார்கள். நல்ல காற்று, வயல் வேலை, விளையாட்டு ஆகியவை நகரத்துப் பையனைத் திருத்திவிடும் என்பது சித்தாந்தம். சிறைத்துறை ஆணையர் அலெக்சாண்டர் பேட்டர்சன் இதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது பணக்காரப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிகளை. அங்கே வயல்வெளி ஓட்டம் பழைய விளையாட்டு. ஒருவன் காகிதத் துண்டுகளை இறைத்துக்கொண்டே முயலாக ஓட, மற்றவர்கள் வேட்டை நாய்களாகத் துரத்துவார்கள். 1857இல் வந்த 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல்டேஸ்' நாவலில்கூட இது உண்டு. கனவான் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டாக இருந்தது ஏழைப் பையனுக்கு மருந்தாகிவிட்டது. மருந்தை யார் எழுதித் தருகிறார்கள் என்று ஸ்மித்துக்குத் தெரியும். ஆளுநர் தன்னைப் பந்தயக் குதிரையாகத்தான் பார்க்கிறார் என்று அவனே சொல்கிறான்.

வேலை நிமித்தம் இரண்டு வருடம் அந்தப் பக்கம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரெண்ட் ஆற்றுச் சமவெளியில் ஓடுவேன். சும்மா சொல்லக்கூடாது, ஓடுவதற்கென்றே செய்துவைத்த மாதிரியான ஊர்ப்புறம். பிறகுதான் புரிந்தது, அது நிஜமாகவே செய்துவைத்தது. கண்ணுக்கு இதமான அந்தப் புதர்வேலிகளில் பெரும்பகுதி, பொதுநிலத்தைத் தனிநிலமாக அடைக்க நட்டவை. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரை வளைத்திருக்கிறார்கள். நிலஅளவைக்காரர் மேசையில் வரைந்ததை நாம் 'இயற்கை' என்று புகைப்படம் எடுக்கிறோம்.

நடைபாதைகளின் கதையும் இதுதான். அரசு நிலஅளவைத் துறையின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பொதுப்பாதைகள் பச்சை நிறச் சிறு கோடுகளாக இருக்கும். அவற்றை அதிகாரபூர்வமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்றது 1949ஆம் ஆண்டுச் சட்டம். இதன் தர்க்கம் மென்பொருள்காரனான எனக்கு உடனே பிடிபட்டது. உங்களுக்கு உரிமை கோட்டின் மீதுதான், நிலத்தின் மீதல்ல. கோட்டைவிட்டு விலகினால் அத்துமீறல். ஸ்மித்துக்குக் கொடுத்திருப்பதும் அப்படியொரு கோடு. அவன் தப்பி ஓடாததற்குக் காரணம் பயமல்ல. எந்தப் பக்கம் ஓடினாலும் நிலம் அவர்களுடையது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோட்டின் மேல் ஓடும்போது மண்டைக்குள் நடப்பதை யாரும் அளக்க முடியாது. உலகத்தின் முதல் மனிதனாகவும் கடைசி மனிதனாகவும் தன்னை அவன் உணர்கிற இடம் அது. இரவலாகக் கிடைத்த பாதையில் சொந்தமாக யோசிக்கக் கற்றுக்கொள்கிறான்.

இது 1959இன் பிரச்சினை மட்டுமில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் 'ஆரோக்கிய சவால்' என்று ஒரு செயலி கொடுத்தார்கள். வாரக் கிலோமீட்டர் கணக்கு, அணிப் பட்டியல், முதலிடத்துக்குப் பரிசுக்கூப்பன். "இந்த வாரம் நம்ம டீம் பின்னாடி போயிடுச்சே, ஞாயித்துக்கிழமை இன்னொரு பத்து ஓடிடுங்களேன்" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்வார். கெட்ட மனிதர் இல்லை. ஸ்மித்தின் ஆளுநரும் சிரித்துக்கொண்டேதான் பேசுகிறார்.

1962இல் டோனி ரிச்சர்ட்சன் எடுத்த படத்தையும் பார்த்துவிடுங்கள். டாம் கோர்ட்னியின் எலும்பும் தோலுமான முகம் மறக்காது. பையன்கள் கூடி நின்று பிளேக்கின் 'ஜெருசலேம்' பாடலைப் பாடுவதையும், தப்பியோடிப் பிடிபட்டவன் அடிவாங்குவதையும் வெட்டி வெட்டிக் காட்டும் இடத்தில், பசுமையான இங்கிலாந்து என்ற கனவே கிழிகிறது. ஆனால் காலை ஓட்டத்தில் படம் சறுக்குகிறது. துள்ளும் இசை, மரக்கிளைகளூடே சுழலும் வானம் என்று அழகை நமக்கு ஊட்டிவிடுகிறார்கள். கதையில் குளிரும் பசியும் முதலில் வரும். இன்னொன்று, படத்தில் எதிரணி பணக்காரப் பள்ளி. கதையில் எதிரே ஓடுகிறவனும் இன்னொரு பார்ஸ்டல் பையன். யார் ஜெயித்தாலும் கோப்பை ஏதோ ஓர் ஆளுநருக்கு. அந்தக் கசப்பு படத்தில் நீர்த்துவிட்டது.

கதையில் குறை இல்லாமல் இல்லை. சட்டத்துக்கு உள்ளே இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள் என்ற பிரிவினையை ஸ்மித் திரும்பத் திரும்பச் சொல்லும்போது சில்லிட்டோவின் குரல் துருத்திக்கொண்டு தெரிகிறது. என் தோழி ஒருத்தி படித்துவிட்டுக் கேட்டாள்: "இருட்டு நேரத்துல ஆளில்லாத வயக்காட்டுல தனியா ஓடுறது இவனுக்குச் சுதந்திரம். எனக்கு?" அவளிடம் சொல்ல இந்தக் கதையில் எதுவும் இல்லை.

முடிவில் ஸ்மித் விடுதலையாகி மறுபடியும் திருடுகிறான். இந்தக் கதையை எழுதி, தன் தெருவில் வளர்ந்த ஒரு நண்பனிடம் கொடுக்கப்போவதாகச் சொல்கிறான். தான் மறுபடியும் போலீசிடம் சிக்கினால் மட்டும் இதைப் புத்தகமாக்க முயலலாம் என்பது ஏற்பாடு. நண்பன் காட்டிக்கொடுக்க மாட்டான் என்கிறான். புத்தகமோ நம் கையில் இருக்கிறது.