கண்ணாடிக்கு வெளியே ஒரு பனை

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள், கண்ணாடி மாளிகையின் கதகதப்பில் நிற்கும் வெப்பநாட்டுப் பனைகளைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்ததோ வெளியே, திறந்தவெளிக் குளிரில் நிற்கும் சூசான் பனை. சீனத்து இனம். அடிமரத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். தென்னையின் பன்னாடை போலவே, ஆனால் இன்னும் அடர்த்தியாக, பழுப்பு நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சுற்றுச் சுற்றாக மரத்தைப் போர்த்தியிருக்கும். தொட்டால் சொரசொரப்பு, இழுத்தால் லேசில் வராது. சீனத்தில் இந்த நாரை உரித்துக் கயிறு திரித்தார்கள், மழைக்கு மேலங்கி பின்னினார்கள். காற்றடித்தால் விசிறி மட்டைகளின் பிளந்த நுனிகள் உரசிச் சலசலக்கும். சுற்றிலும் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் மாதங்களில் அந்தச் சத்தம் எவ்வளவு தெம்பானது!

இந்த மரத்துக்கு உச்சியில் ஒரே குருத்து. அது அழுகினால் மரமே போயிற்று, பக்கக்கிளை தழைக்காது. அதனால்தான் குளிர்நாடுகளில் இதை வளர்ப்பவர்கள் இளங்கன்றின் மட்டைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, வைக்கோலோ துணியோ சுற்றுகிறார்கள். குளிர் சற்றுத் தணிந்ததும் அவிழ்த்துக் காற்றாட விடுகிறார்கள். ஈரம் தங்கினால் அதுவும் ஆபத்து. கட்டவும் அவிழ்க்கவும் நேரம் பார்க்கிற அந்தக் கைப்பக்குவத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.