பிழைதிருத்தப் பட்டியலில் விடுபட்ட பிழை: பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாறும் வகுப்பறை வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

அச்சுத்தொழிலாளராகத் தொடங்கி மின்னியல் ஆய்வாளராகவும் அமெரிக்க விடுதலை அரசியலின் தூதராகவும் உயர்ந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790). அவருடைய நிலைத்த தாக்கத்தை மாணவர்க்குக் கற்பிக்கும்போது அது பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் பட்டியலாகவும் நற்பண்புகளின் பட்டியலாகவும் சுருங்கிவிடுகிறது. இவ்விரு பட்டியல்களுக்கும் மூலமாகக் கருதப்படும் அவருடைய எழுத்துகள் அவற்றை ஐயத்தோடு நோக்குகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தன் வாழ்வின் பிழைகளைத் தன்வரலாற்றில் எண்ணிக்காட்டும் பிராங்க்ளின், அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்ததை அவ்வெண்ணிக்கையில் சேர்க்கவில்லை. விடுபட்ட அப்பிழையை அவருடைய அளவுகோலைக் கொண்டே மாணவர் ஆராய்வதுதான் அவரைக் கற்பிக்கும் தகுந்த முறை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பெஞ்சமின் பிராங்க்ளின், தன்வரலாறு, பிழைதிருத்தம், அடிமைமுறை, பாடவேறுபாடு, வரலாறு கற்பித்தல்.

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1870-இல் பிராங்க்ளினைப் பற்றி ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். பிராங்க்ளினின் வாழ்வும் முதுமொழிகளும் பெற்றோர் கையில் சிறுவரை ஒறுக்கும் கருவிகளாகிவிட்டன என்பது அதன் குறை. மாக்ஸ் வேபர் 1904–05-இல் வெளியிட்ட ஆய்வில் முதலாளியப் பண்பாட்டின் உளநிலைக்குச் சான்றாகப் பிராங்க்ளினின் அறிவுரைகளை எடுத்துக்கொண்டார். டி. எச். லாரன்ஸ் 1923-இல் அவருடைய பண்புப் பட்டியலைக் கடுமையாகச் சாடினார். நகையாலும் ஆய்வாலும் சினத்தாலும் எழுந்த இம்மூன்று எதிர்வினைகளும் ஏறத்தாழ ஒரே பிராங்க்ளினையே எதிர்கொண்டன. சிக்கனமும் உழைப்பும் போதிக்கும் அறவுரையாளர் அவர். பாடநூல்கள் போற்றுபவரும் அவரே.

இவ்வறவுரையாளர் பிராங்க்ளினின் எழுத்திலிருந்து முழுமையாகப் பெறப்பட்டவர் அல்லர். எழுத்திலிருந்து கத்தரித்து எடுக்கப்பட்டவர். கத்தரிப்பில் எவை விழுந்தன என்பதை நோக்கினால் கற்பித்தலின் சிக்கல் புலப்படும்.

கத்தரிக்கப்பட்ட பனுவல்

'ஏழை ரிச்சர்ட்' என்னும் ஆண்டுக்குறிப்பேட்டை 1733 முதல் 1758 வரையிலான ஆண்டுகளுக்குப் பிராங்க்ளின் வெளியிட்டார். இறுதிப் பதிப்பின் முன்னுரையில் ஆபிரகாம் என்னும் முதியவர் ஏலக்கடை முன் கூடியிருக்கும் மக்களுக்குச் சிக்கனம் பற்றிச் சொற்பொழிவாற்றுகிறார். வகுப்பறைகளில் வழங்கும் முதுமொழிகளுள் பல அச்சொற்பொழிவில் தொகுக்கப்பட்டவை. அதன் முடிவு வகுப்பறைக்கு வருவது அரிது. உரையைக் கேட்டு ஒப்புக்கொண்ட மக்கள், ஏலம் தொடங்கியதும் அதற்கு நேர்மாறாகப் பொருள்களை வாங்கிக் குவிக்கின்றனர். அம்மொழிகளுள் பத்தில் ஒரு பங்குகூடத் தனக்குரியதன்று என்றும் எடுத்துரைப்பாளராகிய ரிச்சர்ட் ஒப்புக்கொள்கிறார். அறவுரையின் வலிமையை அறவுரைக்குள்ளேயே ஐயுறும் கதை இது. ஐயம் நீக்கப்பட்டு உரை மட்டும் எஞ்சியதே பாடமாயிற்று.

தன்வரலாற்றில் வரும் 13 பண்புகளுக்கும் இதே நிலை நேர்ந்தது. வாரத்திற்கு ஒரு பண்பு, ஆண்டிற்கு நான்கு சுற்று என அவர் வகுத்த திட்டம் சுவரொட்டியாக வகுப்பறைச் சுவரை அடைகிறது. பழைய பிழைக்குறிகளைச் சுரண்டிச் சுரண்டிக் குறிப்பேட்டின் தாள் ஓட்டையாகிப்போனதும், ஒழுங்கு என்னும் பண்பு இறுதிவரை அவருக்குக் கைகூடாததும் அங்கு இடம்பெறுவதில்லை. கோடரி முழுவதையும் பளபளப்பாக்க விரும்பியவர், சாணைச் சக்கரத்தைச் சுற்றிக் களைத்தபின் புள்ளிகள் உள்ள கோடரியே தனக்குப் பிடித்தது எனக் கூறிச் சென்ற கதையை, தன் தோல்விக்கு உவமையாகப் பிராங்க்ளின் சொல்கிறார். பணிவு என்னும் பதின்மூன்றாம் பண்பைச் சேர்த்ததற்குக் காரணம், அவர் செருக்குடையவர் என நண்பர் ஒருவர் சுட்டியதே. செருக்கை வென்றாலும் அவ்வெற்றி பற்றிச் செருக்குறுவேன் என்று அவர் அப்பகுதியை முடிக்கிறார்.

கண்டுபிடிப்புகள் பற்றிய பாடமும் இதனின் வேறுபட்டதன்று. 1752-ஆம் ஆண்டின் பட்டம் விட்ட ஆய்வு ஓவியங்களின் வழியே புகழ்பெற்றது. 1876-இல் கரியர், ஐவ்ஸ் நிறுவனம் அச்சிட்ட படத்தில் உடன் நிற்கும் மகன் சிறுவனாகத் தோன்றுகிறான். உண்மையில் வில்லியமுக்கு அப்போது ஏறத்தாழ 21 வயது. தன்வரலாறு அவ்வாய்வைப் பெயரளவில் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறது. அதைவிட விரிவாக அது பேசுவது கூட்டுமுயற்சிகளைப் பற்றியே. 1731-இல் நூலகம் அமைக்க முனைந்தபோது, அதைத் தன் திட்டம் என முன்வைத்தால் பிறர் தயங்குவர் என உணர்ந்து, நண்பர் பலரின் திட்டமாக அறிமுகம் செய்ததை அவர் விளக்குகிறார். தன் பெயரை மறைத்ததே அந்நிறுவனங்கள் நிலைத்தமைக்கு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. அவர் நிறுவியவை என்னும் பட்டியலோ மறைக்கப்பட்ட பெயரை மீண்டும் தலைப்பில் ஏற்றிவிடுகிறது.

பிழைதிருத்தம் என்னும் எடுத்துரைப்பு உத்தி

தன்வரலாறு ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று. முதற்பகுதி 1771-இல் இங்கிலாந்திலும், இரண்டாம் பகுதி 1784-இல் பிரான்சிலும், மூன்றாம் பகுதி 1788-இல் பிலடெல்பியாவிலும் தொடங்கப்பெற்றன. சில பக்கங்களே கொண்ட நான்காம் பகுதி இறுதிக் காலத்தைச் சேர்ந்தது. விடுதலைப் பிரகடனம் (1776), பாரிஸ் உடன்படிக்கை (1783), அரசியலமைப்பு மாநாடு (1787) ஆகியவற்றை எட்டுமுன்பே கதை நின்றுவிடுகிறது. முதற்பகுதி 1791-இல் பாரிசில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக முதலில் வெளிவந்தது. பேரன் வில்லியம் டெம்பிள் பிராங்க்ளின் 1818-இல் பதிப்பித்த நூலில் நான்காம் பகுதி இல்லை. மூலக் கையெழுத்துப்படியைக் கொண்டு ஜான் பிகலோ பதிப்பித்தது 1868-இல்தான். ஆகவே, பிராங்க்ளினின் சொற்கள் என ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி வாசகர் வாசித்தது பிறர் கை படிந்த பாடமே.

இத்தகைய பதிப்பு வரலாற்றைக் கொண்ட நூல், வாழ்வையே ஒரு பதிப்பாகக் காண்கிறது. வாழ்வை மீண்டும் வாழ வாய்த்தால், முதற்பதிப்பின் பிழைகளை இரண்டாம் பதிப்பில் திருத்தும் நூலாசிரியர் உரிமையை வேண்டுவேன் எனப் பிராங்க்ளின் தொடக்கத்திலேயே சொல்கிறார். அச்சகத்தில் பிழையைக் குறிக்க வழங்கும் 'எர்ராட்டம்' என்னும் இலத்தீன் சொல்லைத் தன் குற்றங்களுக்குப் பெயராக்குகிறார். தமையன் ஜேம்ஸிடம் செய்துகொண்ட பயிற்சி ஒப்பந்தத்தை முறித்தது, வெர்னான் என்பவருக்காகப் பெற்ற பணத்தைச் செலவழித்தது, இலண்டன் சென்றபின் டெபோரா ரீடைப் புறக்கணித்தது, நண்பர் ரால்ஃபின் துணைவியிடம் தகாத முறையில் நடக்க முயன்றது, 1725-இல் ஒரு சிறுநூலை அச்சிட்டது ஆகியவை இப்பெயரைப் பெறுகின்றன.

இவற்றுட் சிலவற்றுக்குத் திருத்தமும் கூறப்படுகிறது. வெர்னானின் பணம் வட்டியோடு திருப்பித் தரப்பட்டது. தமையனின் மகன் வளர்க்கப்பட்டு அச்சுத்தொழிலில் நிலைநிறுத்தப்பட்டான். டெபோரா 1730-இல் அவருடைய வாழ்க்கைத்துணையானார். இதிலிருந்து பிராங்க்ளினின் அளவுகோல் ஒன்றைப் பெறலாம்: திருத்தம் என்பது வருந்துவதோடு முடிவதன்று, தீங்குற்றவரை, அல்லது அவர் வழியினரைச் சென்றடைவது. பிழை இங்குக் கடனைப் போன்றது. கடன் கொடுத்தவரின் பெயர் தெரியும், கணக்குத் தீர்க்கப்படும். கணக்குக் கேட்கும் உரிமை இல்லாதவர் இவ்வேட்டில் எங்கு இடம்பெறுவார் என்பதே அடுத்த வினா.

விடுபட்ட பிழை

பிராங்க்ளின் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். 1729 முதல் அவர் நடத்திய 'பென்சில்வேனியா கெசட்' இதழில் அடிமை விற்பனை விளம்பரங்களும் தப்பியோடியவர்களைப் பிடித்துத்தரக் கோரும் விளம்பரங்களும் வெளிவந்தன. 1757-இல் அவர் இலண்டனுக்குச் சென்றபோது பீட்டர், கிங் என்னும் அடிமைகள் இருவர் உடன் சென்றனர். அப்பயணத்தை விரிவாக விவரிக்கும் தன்வரலாறு மகனைக் குறிப்பிடுகிறது, இவ்விருவரையும் குறிப்பிடவில்லை. கிங் அங்குத் தப்பிச் சென்றதையும், ஒரு பெண்மணியின் ஆதரவில் எழுதப்படிக்கவும் இசைக்கருவி வாசிக்கவும் கற்றுவந்ததையும் 1760-இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தால் அறிகிறோம். இளமையில் தமையனின் ஒப்பந்தத்திலிருந்து தப்பியோடியதைப் பிழை எனப் பதிந்தவர், தம் வீட்டாரிடமிருந்து ஒருவர் தப்பியோட நேர்ந்ததை எப்பட்டியலிலும் பதியவில்லை.

ஆயினும் அவருடைய கருத்து மாறாமல் இருக்கவில்லை. மக்கட்பெருக்கம் பற்றி 1751-இல் எழுதிய கட்டுரையில், அடிமைகளின் திருட்டுக்கு அவர்தம் பிறவி இயல்பே காரணம் என்னும் பொருள்படும் ஒரு தொடர் இருந்தது. 1769-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது, அடிமைத்தனத்தின் இயல்பே காரணம் என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. சில சொற்களே மாறின; குற்றத்தின் பொறுப்பு மனிதரிடமிருந்து அமைப்பிற்கு மாறியது. இவ்விரு பதிப்புகளுக்கும் இடையே, 1763-இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றைப் பார்வையிட்ட பிராங்க்ளின், அவர்தம் இயல்பான ஆற்றல் பற்றித் தாம் முன்பு கொண்டிருந்ததைவிட உயர்ந்த மதிப்பு ஏற்பட்டதாக எழுதினார். இம்மாற்றத்தில் அப்பள்ளி மாணவருக்கும் பங்குண்டு எனக் கொள்ள இடமுண்டு. அவர் மாணவர்மீது செலுத்திய தாக்கம் பேசப்படும் அளவிற்கு, மாணவர் அவர்மீது செலுத்திய தாக்கம் பேசப்படுவதில்லை.

1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புக் கழகத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைமுறைக்கு எதிராக நாடாளுமன்றத்திற்கு அனுப்பப்பட்ட விண்ணப்பத்தில் அவர் கையொப்பம் உள்ளது. மார்ச்சு மாதத்தில், அல்ஜியர்ஸ் நாட்டவர் ஒருவர் கிறித்தவ அடிமைகளை வைத்திருப்பதற்கு நியாயம் கூறுவதாகப் புனைந்து, ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சனின் வாதத்தை எள்ளி எழுதினார். ஏப்ரல் 17-இல் மறைந்தார். மருமகன் ரிச்சர்ட் பாச்சின் அடிமையான பாபை விடுவிக்க வேண்டும் என்று பாச்சைக் கேட்டுக்கொள்ளும் குறிப்பு அவருடைய உயிலில் உள்ளது.

வகுப்பறையில் எழும் இரு மறுப்புகள்

இதனைக் கற்பிக்கையில் இரு மறுப்புகள் எழக்கூடும். இன்றைய அறத்தால் பதினெட்டாம் நூற்றாண்டினரை அளப்பது பொருந்தாது என்பது ஒன்று. அதற்குரிய விடை பிராங்க்ளினின் அச்சகத்திலேயே உள்ளது. அடிமைமுறையைக் கண்டித்து ரால்ஃப் சாண்டிஃபோர்ட் எழுதிய நூலை 1729-இலும், பெஞ்சமின் லே எழுதிய நூலை 1737-இலும் அச்சிட்டவர் அவரே. அக்கண்டனம் பிற்காலத்தவர் கண்டறிந்ததன்று. அவர் கையால் எழுத்துக்கோத்து வெளிவரத்தக்க அளவு அண்மையில் இருந்தது. எனவே அவருடைய காலம் என்பதை ஒற்றைக் குரலாகக் கொள்ள இயலாது.

இறுதிக்காலச் செயல்களால் பழைய பிழை தீர்ந்துவிட்டது என்பது மற்றொன்று. இதனையும் அவருடைய அளவுகோலால் சோதிக்கலாம். வெர்னானின் கடனுக்குத் தீர்வு வெர்னானைச் சென்றடைந்தது. நாடாளுமன்ற விண்ணப்பம் எண்ணற்றோரின் விடுதலையை நாடியது. அது பீட்டருக்கும் கிங்குக்கும் உரிய திருத்தமாகுமா? பொதுநலச் செயலொன்று தனிமனிதருக்கிழைத்த தீங்கை ஈடுசெய்யுமா? உயில் பாபின் பெயரைக் குறிக்கிறது. அவ்வகையில் அது அவருடைய பழைய அளவுகோலுக்கு நெருங்கி வருகிறது. இவ்வினாக்களுக்கு ஆசிரியர் விடை வழங்கிவிட்டால் பாடம் மீண்டும் அறவுரையாகிவிடும். போற்றுரைக்கு மாற்றாகத் தூற்றுரையைத் தருவதும் கத்தரிப்பின் மறுவடிவமே.

வரலாற்றை எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதற்குப் பிராங்க்ளினே வழிகாட்டியுள்ளார். பென்சில்வேனியா இளைஞரின் கல்விக்காக 1749-இல் அவர் வெளியிட்ட திட்டத்தில் வரலாற்றுக்கு நடுவிடம் தரப்படுகிறது. வரலாற்று நிகழ்வுகளை வாசிக்கையில் நீதி, அநீதி பற்றிய வினாக்கள் இயல்பாகவே எழும் என்றும், அவற்றை இளைஞரிடம் முன்வைத்துப் பேச்சாலும் எழுத்தாலும் வாதிடச் செய்யலாம் என்றும் அது கூறுகிறது. அவ்விளைஞர் வாதிடவேண்டிய வரலாறுகளுள் திட்டத்தை வகுத்தவரின் வரலாறும் ஒன்றாகிறது. 1751-ஆம் ஆண்டுக் கட்டுரையின் இரு பாடங்களையும், 1757 பயணம் பற்றிய தன்வரலாற்றுப் பகுதியையும் 1760-ஆம் ஆண்டுக் கடிதத்தையும் அருகருகே வைத்து வாசிக்கத் தந்தால் அவ்வாதத்திற்குப் போதிய சான்று கிடைக்கும்.

முடிவுரை

பிராங்க்ளினின் முதுமொழிகளும் பண்புப் பட்டியலும் பட்டம் விட்ட கதையும், அவற்றைச் சூழ்ந்திருந்த ஐயமும் தோல்வியும் கூட்டுழைப்பும் நீக்கப்பட்டே வகுப்பறையை அடைகின்றன. நீக்கப்பட்டவற்றை மீட்டு வாசிக்கும்போது, பிழையைப் பிழை எனப் பெயரிட்டு, தீங்குற்றவரைச் சென்றடையுமாறு திருத்தவேண்டும் என்னும் நெறி அவருடைய பனுவலின் மையமாகத் தெரியவருகிறது. அந்நெறியை அவர் தமக்கு முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பதும் உடன் தெரியவருகிறது. அவர் வகுத்த அளவுகோலால் அவரையே அளக்க மாணவர் கற்பாராயின், அவருடைய தாக்கம் நிலைத்தது என்பதற்கு அதுவே சான்றாகும். தன் வாழ்வுக்கு இரண்டாம் பதிப்பை விரும்பிய அச்சுத்தொழிலாளருக்குப் பிழைதிருத்தப் பக்கத்தை முழுமைசெய்யும் பணி, அவரைக் கற்போரிடம் எஞ்சியுள்ளது.