சுவரில் ஒட்டிய கால அட்டவணை

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் ஒரு பிள்ளை படிக்கின்ற வீட்டில், அரையாண்டுத் தேர்வு முடிந்து மார்கழி விடுமுறை தொடங்கியதும், படிக்கும் இடத்துச் சுவரில் வெள்ளைத்தாள் ஒன்று ஏறிவிடுகிறது. அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, பாடத்துக்கு ஒரு வர்ணமாகத் தீட்டி, விடியற்காலை 4 முதல் 5 வரை கணிதம், 5 முதல் 6 வரை இயற்பியல், இரவு 10 முதல் 11 வரை வேதியியல் என்று பொழுது முழுவதையும் பங்கிட்டுக் கொடுக்கும் அத்தாளைக் கண்டதும் தாய்தந்தையர் மனம் பூரிக்கிறது, ஆசிரியர் மெச்சுகிறார், எழுதிய பிள்ளைக்கும் பாதிப் படிப்பு முடிந்துவிட்டது போன்றதொரு நிம்மதி உண்டாகிறது. தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி ஏற்பட்ட பிறகு பாடத்திட்டங்கள் பலமுறை மாறியபோதிலும் நிலைத்து நிற்கும் இவ்வழக்கத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அது எதைச் செய்கிறது, எதைச் செய்யத் தவறுகிறது என்பதை நிதானமாகச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம் என்றே கருதுகிறேன்.

அதன் பிரதானமான குணம், பிடிக்காத பாடத்துக்கும் ஓர் இடம் தேடிக் கொடுப்பது. ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண் என்றிருக்கும் பரீட்சையில், கணக்கில் பிரியமுள்ள பிள்ளை கணக்கையே போட்டுக்கொண்டிருந்துவிட்டு, தமிழையும் ஆங்கிலத்தையும் தேர்வுக்கு முந்திய இரவுக்கு ஒதுக்கிவிடுவது இயல்பு. அந்தச் சாய்வை எழுதி வைத்த நியமம் ஒன்று தடுத்து நிறுத்துகிறது. படிப்பைப் பல நாட்களில் பரப்புவதன் நன்மையும் வெறும் நம்பிக்கையன்று. பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச் செய்து தம் ஞாபகசக்தியையே அளந்து பார்த்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், ஒரே நாளில் 68 முறை திருப்பிச் சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை சொல்லியே பெற முடிந்ததை 1885-இல் வெளியிட்ட தம் நூலில் காட்டியிருக்கிறார். ஆகவே, ஒரு பாடத்தை இடைவிட்டு மீண்டும் மீண்டும் கண்முன் கொண்டுவரும் அட்டவணை சாஸ்திர சம்மதமானதே.

குற்றம், கட்டங்களுக்குள் எழுதப்படும் விஷயத்தில் இருக்கிறது. ‘5 முதல் 6 வரை இயற்பியல்’ என்ற குறிப்பு, உட்கார வேண்டிய நேரத்தைச் சொல்கிறதேயன்றி, எழுந்திருக்கும்போது கைவந்திருக்க வேண்டியது யாது என்பதைச் சொல்வதில்லை. நிலைமின்னியல் பாடத்தில், மின் இருமுனையின் அச்சுக்கோட்டிலுள்ள ஒரு புள்ளியில் மின்புலத்தைக் கணக்கிடும் பகுதியை ஒரு மாணவி மூன்றுமுறை வாசிக்கிறாள் என்று கொள்வோம். அடிக்கோடிட்ட வரிகளின்மேல் கண் தடையின்றி ஓடுகிறது. எல்லாம் தெரிந்ததுபோலவே தோன்றுகிறது. மணி ஆறடித்ததும் அந்தக் கட்டம் நிறைவேறியதாகிவிடுகிறது. அவளே நூலை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுத முற்பட்டால், இரு மின்னூட்டங்களின் புலங்களையும் சேர்க்கும் வரியில் பேனா நின்றுவிடக்கூடும். அது நின்ற இடமே அன்றைய படிப்பின் மெய்யான அளவு. அந்த அளவைக் கேட்கும் கட்டம் அட்டவணையில் இல்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். டிசம்பரில் படித்ததை மார்ச்சில் எழுத வேண்டிய நம் மாணாக்கருக்கு எவ்வழி உகந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்னொரு குறை, அட்டவணையின் அளவு கடந்த துல்லியம். ஒரு வேலைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணிக்கையில் மனிதர் இயல்பாகவே குறைத்து மதிப்பிடுகின்றனர். கனடாவில் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள், அதை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகுமென்று மதிப்பிட்டிருக்க, உண்மையில் 55 நாட்களுக்கு மேலாயின என்பது 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின் முடிவு. இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் போட்ட அட்டவணையில், உறவினர் வருகையோ மின்தடையோ ஒரு நாள் ஜுரமோ ஒரு கட்டத்தைக் கெடுத்தால் அடுத்தவையெல்லாம் சரிகின்றன. சரிந்ததைக் கண்டு மனம் சோர்ந்த பிள்ளை, விட்ட பாடத்தைப் படிப்பதற்குப் பதிலாகப் புதியதோர் அட்டவணை எழுத உட்காருகிறது. கல்லூரி மாணவர்களிடம் கிர்ஷன்பாம் முதலியோர் நடத்தி 1981-இல் வெளியிட்ட சோதனையிலும், நாள்வாரியாகத் திட்டமிட்டவர்களைவிட மாதவாரியாகத் திட்டமிட்டவர்களே படிப்பில் ஊன்றி நின்றனர். வாரத்துக்கு இன்னின்ன பாடப்பகுதிகள் என்று வகுத்து, ஞாயிறு பிற்பகலை விட்டுப்போனவற்றுக்கென்று வெறுமையாக வைத்திருக்கும் திட்டம் பார்வைக்குச் சோபையற்றதாயினும் பிப்ரவரி வரை உயிரோடிருக்கும். செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வுகளும் வந்து குவியும் அம்மாதத்தில் அந்த வெற்றிடத்தின் அருமை தெரியும்.

உறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதின்வயதினருக்கு எட்டு மணி நேரமேனும் உறக்கம் தேவை என்பது மருத்துவர் துணிபு. பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழச் சொல்லும் தாள் ஐந்துதான் தருகிறது. விடியலில் எழுவது நம் வீடுகளில் போற்றப்படும் நல்வழக்கமேயானாலும், எட்டு மணிக்கே படுக்கவிடும் வீட்டுக்குத்தான் அது பொருந்தும்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுக்கும்போது, அந்நாற்பது பேருக்கும் மேசையும் விளக்கும் அவகாசமும் உண்டு என்று நாம் அனுமானித்துக்கொள்கிறோம். தண்ணீர் பிடித்து, அரிசி களைந்து, தம்பியைத் தூங்க வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தொடும் பெண்ணும், விடியலில் வீடுவீடாகச் செய்தித்தாள் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பையனும், ஓரறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே குனிந்திருக்கும் பிள்ளையும் அக்கட்டங்களை நிறைவேற்ற முடியாமற் போகும்போது, அது தங்கள் சோம்பலால் நேர்ந்தது என்று நம்பிவிடுகிறார்கள். இது பெரும் அநீதி. இத்தகைய பிள்ளைகள் பயிலும் பள்ளிகள், மாலையில் ஒரு வகுப்பறையை விளக்கோடும் ஓர் ஆசிரியரின் துணையோடும் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பது உடனே செய்யத்தக்க காரியம். அது கைகூடும் வரையில், அவர்களுக்கு எழுதித் தரும் திட்டம் வாரத்துக்கு இத்தனை பகுதி என்ற அளவோடு நிற்க வேண்டும். எந்த வேளையில் படிப்பது என்பதை, தங்கள் வீட்டின் நிலை அறிந்த அப்பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டும்.